எர்லீன் மிதித்த பெயர்

ரிட்ஜ் அவென்யூவில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த மரச்சாமான் கடையை டேப் நடன மன்றமாக்கப் போகிறார்கள் என்ற செய்தியை எங்கள் பள்ளிக்கூடச் சமையலறைக்குக் கொண்டுவந்தவளே எர்லீன் காஸ்கின்ஸ்தான். வட ஃபிலடெல்பியாவில் எங்களுக்குக் கடை மூடித்தான் பழக்கம், திறந்து பழக்கமில்லை. அதனால் நாங்கள் யாரும் முதலில் நம்பவில்லை. அவள் நம்பினாள். மக்ரோனி கிளறும் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுவி விட்ட ஈரத் தரையில் இடது காலால் தட்டிக் காட்டினாள். வலது கால் சும்மா கூடவே இழுபட்டது. அந்தக் கணுக்கால் கெட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

“தரை மேப்பிள் மரமாம்டி வில்லா. அடியில வெறும் இடம் விட்டுப் பலகை அடிக்கிறாங்களாம். எறும்பு நடந்தாக்கூடக் கேக்கும்.”

“நீ நடந்தா எப்படியும் கேக்கும். தரை எதுக்கு, உன் வாய் போதாதா?” என்றேன்.

சிரித்தாள். எர்லீன் சிரிப்பது எங்களுக்கு அதிசயம். கெட்டுப்போகிற நிலையில் பால் கொண்டுவந்த வண்டிக்காரனை அந்தப் பாலாலேயே குளிப்பாட்டி அனுப்பியவள் அவள். தலைமை ஆசிரியர் ஒருநாள் சமையலறைக்குள் வந்து ரொட்டியைத் தொட்டபோது, “கையைக் கழுவிட்டு வந்து அதிகாரம் பண்ணுங்க” என்று திருப்பி அனுப்பினாள். அந்தக் கோபம் எங்கே முளைத்தது என்று நாங்கள் கேட்டதில்லை. சிலருக்கு உயரம், சிலருக்குக் கோபம் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் டேப் நடனத்தை யாரும் பள்ளியில் படித்ததில்லை. செருப்பின் அடியில் தகடு அடித்துக்கொண்டு, தெருமுனையில் வட்டமாக நின்று ஆடியே கற்றார்கள். ஒருவன் காலால் ஒன்று சொல்வான். அடுத்தவன் அதைவிட மேலாகப் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாதவன் ஓரமாகப் போக வேண்டியதுதான். வட்டத்துக்குள் ஆண்பிள்ளைகள், வெளியே கைதட்டப் பெண்பிள்ளைகள். எர்லீன் அந்த வழக்கத்தைப் பதினான்கு வயதில் உடைத்தாள். தேவாலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பில் சோடா மூடிகளை ஆணியடித்துக்கொண்டு வட்டத்துக்குள் குதித்துவிட்டாள். செருப்புக்காக அம்மாவிடம் அடி வாங்கினாள். ஆனால் அந்த முனையில் அவளுக்குப் பதில் சொல்ல ஒரே ஒருவன்தான் இருந்தான்.

அவன் தாடியஸ் காஸ்கின்ஸ். அந்தப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். இறகு விழுவதுபோலத் தரையில் இறங்குவான் என்பதால் ஊருக்கெல்லாம் அவன் ஃபெதர்தான். பத்தொன்பது வயதில் எர்லீன் அவனைக் கட்டிக்கொண்டாள். கொலம்பியா அவென்யூ கிளப்புகளில் இருவரும் சேர்ந்து ஆடினார்கள். சனிக்கிழமைகளில் அவர்களைப் பார்க்க நியூ ஜெர்சியிலிருந்துகூட ஆட்கள் வருவார்களாம். பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள், நான் பார்த்ததில்லை. நான் தெற்கிலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது அவள் தலையில் வலை கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். கணவனைப் பற்றிக் கேட்டால், “ஊர் ஊரா ஆடிக்கிட்டிருக்கான்” என்பாள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

அந்த ஃபெதர் வெளியூரில் முதியோர் விடுதியில் செத்து, சவப்பெட்டியில் ஊர் திரும்பி, பெரிய சாவுச் சடங்கெல்லாம் நடந்து மூன்று வருஷம் கழித்துத்தான் மன்றத்தின் பேச்சு வந்தது.

*

டீக்கன் ஆரின் ஸ்டோக்ஸ்தான் மன்றக் குழுவுக்குத் தலைவர். ஓய்வுபெற்ற தபால்காரர், தேவாலயத்தில் மூப்பர், முன்வரிசை. எர்லீன் வீட்டுக்கு அடுத்த வீடு. எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டுக் குடித்தனம்போல வரிசையாக நிற்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

ஒரு ஞாயிறு பிற்பகல் நான் எர்லீன் வீட்டில் இருந்தேன். டீக்கன் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். கையில் அவர் மனைவி கொரீன் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரம், கண்ணாடித் தட்டில், இன்னும் சூடாக.

“சிஸ்டர் காஸ்கின்ஸ், நல்ல சேதி. மன்றத்துக்குப் பேரு ஒருமனதா முடிவாயிடுச்சு.”

“என்ன பேரு?”

“வேற யாரு பேரு? நம்ம ஃபெதர் பேருதான். ‘ஃபெதர் காஸ்கின்ஸ் டேப் மன்றம்’. பித்தளை எழுத்துக்கு ஆர்டர் கொடுத்தாச்சு. திறப்பு அன்னிக்கு நீங்கதான் துணியை இழுத்துத் திறந்துவைக்கணும். அவரோட விதவைங்கிற முறையில.”

எர்லீன் எழுந்தாள். பலகாரத் தட்டை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினாள். அடுப்படிக்குப் போனாள். குப்பை வாளியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு குழாய்த் தண்ணீர்ச் சத்தம். தட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து டீக்கன் கையில் வைத்தாள்.

“தட்டை கொரீன்கிட்ட குடுத்துருங்க. தட்டு ஒரு பாவமும் பண்ணல.”

“மிஸ் எர்லீன், இது என்ன...”

“உங்க வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒண்ணுதானே டீக்கன்? சுவத்துக்குக் காது இல்லாம இருக்கலாம். உங்களுக்கு ரெண்டு இருந்துச்சே!”

டீக்கன் முகம் கறுத்தது. “செத்தவங்களைப் பத்தி எதுக்கு இப்ப? வீட்டுக்குள்ள நடந்தது வீட்டோட. மேடையில அவர் ஊருக்குச் சொந்தம்.”

“அப்ப ஊரு அவனுக்குச் சமைச்சுப் போட்டிருக்கலாமே. கிளம்புங்க!”

அவர் போனதும் எர்லீன் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கால் காலுறையைக் கழற்றினாள். அத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வேலை செய்தும் அந்தக் கணுக்காலை நான் காலுறை இல்லாமல் பார்த்ததில்லை. எலும்பு ஒரு பக்கம் துருத்தி, தோல் இழுபட்டு, வேறு யாரோ ஒருவருடைய காலைக் கொண்டுவந்து ஒட்டியதுபோல இருந்தது.

அன்றுதான் சொன்னாள். ஒரு சனிக்கிழமை, கிளப்பில் ஆட்டம் முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று அவள் பெயரை மட்டும் கூவியிருக்கிறது. ஃபெதர் சிரித்த முகமாய் அவள் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினானாம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவளைத் தரையில் தள்ளி, தகடு வைத்த ஷூவைக் கழற்றாமலே கணுக்காலின் மேல் ஏறி மிதித்திருக்கிறான். ஒரு முறை அல்ல.

“முன்னாடியும் அடிப்பான். முகத்துல அடிச்சா நான் பவுடர் பூசிக்கிட்டு ஆடிடுவேன். அது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் காலைத் தேடினான்.” குரல் நடுங்கவில்லை. கொதித்துக்கொண்டிருந்தது. “நான் குதிகால் தடுக்கி விழுந்துட்டேன்னு டாக்டர்கிட்ட அவனே சொன்னான். அப்புறம் தனியா ஆடினான். பெரிய ஆளானான். இப்ப பித்தளையில ஆகப்போறான்.”

*

அவளுக்கு ஒரே மகன், ரோடெல். டிராலி பஸ் டிப்போவில் மெக்கானிக். அப்பன் எப்போதாவது வந்து போனபோதெல்லாம் அவனிடம் கால் வேலை கற்றுக்கொண்டவன், அப்பனைச் சாமியாக நினைத்தவன். மன்றத்தின் நுழைவில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க அப்பனின் பழைய டேப் ஷூவைக் கொடுத்ததும் அவன்தான். திறப்பு விழாவில் அப்பனின் ஆட்டத்தை அவனே ஆடுவதாக ஏற்பாடு.

டீக்கன் சொல்லி அவன் ஓடிவந்தான். வேலை உடுப்பில் கிரீஸ் கறை.

“ஊரே சந்தோஷமா இருக்கு. உனக்கு மட்டும் என்னம்மா?”

எனக்குச் சொன்னதை அவனுக்கும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவன் சுவரில் சாய்ந்து நின்று கேட்டான்.

“நீ தடுக்கி விழுந்தேன்னு சொன்னே.”

“அவன் சொன்னான். நான் மறுத்துப் பேசல.”

“ஏன்? இத்தனை வருஷம் வாய் மூடிட்டு, அவர் செத்து மண்ணாப் போனதும் வந்து சொல்றே. அவர் எப்படிப் பதில் சொல்வாரு?”

“நாலு வயசுப் புள்ளைக்கு எப்படிடா சொல்வேன்? உனக்கு அவன் காலு. பார்த்தவங்க எல்லாம் அதையே சொன்னாங்க. உன் காலைப் பார்த்து நீயே வெக்கப்படக் கூடாதுன்னு நெனச்சேன்.”

“இப்ப படறேன்” என்றான் ரோடெல். “போதுமா?”

கதவை அறைந்துவிட்டுப் போனான். எர்லீன் பின்னாலேயே வாசல்வரை போய், தெருவே கேட்கும்படி கத்தினாள்: “அந்தக் கதவை எவன் ரிப்பேர் பண்ணுவான்? உன் அப்பனா?”

பிறகு உள்ளே வந்து அழுதாள். துக்கத்தில் அழுவதுபோல இல்லை அது. மேஜையைக் குத்திக் குத்தி அழுதாள்.

*

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் குழுக் கூட்டம். வழக்கம்போல மீன் வறுவலும் உருளைக்கிழங்கு சாலடும் முதலில், விவகாரம் அப்புறம். எர்லீன் எதையும் தொடவில்லை. டீக்கன், “வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்கிற சம்பிரதாயக் கேள்வியைக் கேட்டதும் எழுந்தாள்.

“அவன் நல்லா ஆடினான். அதை நான் இல்லேன்னு சொல்ல வரல. என்னைவிட யாரும் அதைக் கிட்ட இருந்து பார்த்ததில்ல. இறகு, இறகுன்னு சொன்னீங்க. அந்த இறகோட எடை என் காலுக்குத்தான் தெரியும். அதே ஷூவோ வேற ஷூவோ, ஒண்ணைக் கண்ணாடிப் பெட்டியில வெக்கிறீங்களாமே. எந்தக் காலை மிதிச்ச ஷூன்னு அட்டையில எழுதுவீங்களா?”

மீன் தட்டுகள் மேஜைக்கு இறங்கின. பிறகு பின்னாலிருந்து ஒரு ஆண்குரல்: “அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் உள்ளதுதானே.”

இன்னொருவர், வயதானவர், மெதுவாகச் சொன்னார்: “செத்தவரை ஆண்டவர் பாத்துக்குவார் சிஸ்டர். நம்ம புள்ளைங்களுக்குப் பெருமைப்பட ஒரு ஆள் வேணும்.”

“பொம்பளைப் புள்ளைங்களுக்கும்தானே?” என்றாள் எர்லீன். “அதுங்க எந்த ஆளைப் பார்த்துப் பெருமைப்படணும்? அவனையா, அவன் கீழ கெடந்தவளையா?”

அப்போது, சாலட் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றிருந்த டீக்கன் மனைவி கொரீன் பேசினாள். கொரீன் பேசி நாங்கள் கேட்டதில்லை. தேவாலயத்தில் பாடுவாள், அவ்வளவுதான்.

“நான் கேட்டேன்” என்றாள். “அன்னிக்கு ராத்திரி சுவத்துக்கு அந்தப் பக்கம் அவ கத்தினதை. ரேடியோவைச் சத்தமா வைன்னு இவர் சொன்னார். வெச்சேன்.”

“கொரீன், உக்காரு.”

“முப்பது வருஷமா உக்காந்துதான் இருக்கேன் ஆரின்.”

இத்தனைக்குப் பிறகு கையைத் தூக்கச் சொன்னார்கள். உங்களுக்கு நான் என்ன சொல்ல? பெயர் இருக்கட்டும் என்று தூக்கிய கைகள்தான் அதிகம். எழுத்துக்கள் வார்த்தாகிவிட்டனவாம், அழைப்பிதழ் அச்சாகிவிட்டதாம். கூட்டம் முடிந்ததும் அவர்களே எர்லீனிடம் வந்து, “உங்களுக்காக ஜெபம் பண்றோம்” என்றார்கள். தூக்கிய கை இறங்குவதற்குள். எனக்கு அங்கிருந்த நாற்காலி ஒவ்வொன்றையும் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. எர்லீன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள்.

“விடு. தரை மேப்பிள்தானே போட்டிருக்காங்க?”

“ஆமா. அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல. நல்ல தரை.”

*

மே மாதம் திறப்பு. நல்ல வெயில். வாசலில் வண்டிக்காரன் எலுமிச்சை ஐஸ் விற்றுக்கொண்டிருந்தான். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் முரசுக் குழு தெருவை அதிரவைத்தது. உள்ளே புதுமரத்தின் வாசனை. நடுவில் ஆட்டத் தரையை ஒரு படி உயர்த்திப் போட்டு, நாற்காலிகளில் பாதியை அதன்மேலேயே வரிசையாக வைத்திருந்தார்கள். யார் காலை மாற்றி வைத்தாலும் தரை ஒரு வார்த்தை சொல்லியது. துணியை இழுக்க மாநகர சபையிலிருந்து யாரோ ஒரு அம்மாளைக் கூட்டி வந்திருந்தார்கள்.

எர்லீன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். கறுப்பு உடை, வெள்ளைத் தொப்பி. பக்கத்தில் நானும் சமையலறைப் பெண்களும். என்ன செய்யப்போகிறாள் என்று எங்களுக்கும் தெரியாது. ரோடெல் ஓரத்தில் ஆட்ட உடுப்போடு நின்றான். தாய் பக்கம் திரும்பவே இல்லை.

டீக்கன் ஒலிபெருக்கிக்கு வந்தார். “இந்த மன்றம், நம்ம தெரு பெத்த பிள்ளை, நம்ம ஃபெ...”

எர்லீனின் இடது குதிகால் தரையில் இறங்கியது. துப்பாக்கி வெடித்ததுபோல இருந்தது. ஒலிபெருக்கியில் வந்த பெயர் அதற்குள் மூழ்கிப்போனது. நாற்காலி ஏதோ விழுந்தது என்று நினைத்துச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

டீக்கன் தொண்டையைச் செருமினார். “நம்ம ஃபெதர்...”

மறுபடி. இந்த முறை நானும் மிதித்தேன். சமையலறைப் பெண்கள் எல்லோரும் மிதித்தார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்யும் கால்கள் எங்களுடையவை. தரை ஊமையாக இருக்கவில்லை. யாரோ சிரித்தார்கள். மூன்றாம் முறை டீக்கன் அவசரமாகச் சொல்லிவிடப் பார்த்தார். அப்போது முன்வரிசையிலிருந்தே ஒரு குதிகால் வெடித்தது. கொரீன்! நேராகப் பார்த்தபடி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் கணவன் வாயிலிருந்து வந்த பெயரை மிதித்தாள். அதன் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் எங்களுக்குத் தெரியாத ஒரு கிழவி தடியால் தட்டினாள். இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு இளம்பெண் பற்களைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். அவளுக்கு அந்தப் பெயரோடு என்ன கணக்கு இருந்திருக்கும்? அவளுக்கு மிதிக்க வேறொரு பெயர் இருந்தது போலும்.

“அந்த மாபெரும் கலைஞர்...” என்று மாற்றிப் பார்த்தார் டீக்கன். அதுவும் மிதிபட்டது. “அமரர்...” மிதி.

வியர்த்துவிட்டது மனிதருக்கு. தாளை மடித்துப் பையில் வைத்தார். “டேப் மன்றம் இன்று திறக்கப்படுகிறது” என்றார்.

ஒரு காலும் அசையவில்லை. எலுமிச்சை ஐஸ்காரனின் மணி உள்ளே கேட்டது.

அடுத்தது ரோடெலின் ஆட்டம். தரையின் நடுவுக்கு வந்து நின்றான். பியானோ ஆரம்பித்தது. அவன் தொடங்கவில்லை. பியானோ மறுபடி ஆரம்பித்தது. அப்போதுதான் தாயைப் பார்த்தான். எர்லீன் இரண்டு பாதத்தையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டாள். அவன் அதைப் பார்த்தானா தெரியாது. திரும்பி, தகடு கணகணக்க நடந்து, பின்கதவு வழியே வெளியேறிவிட்டான்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் சொன்னாள்: “ஆடியிருந்தா கை தட்டியிருப்பேன்டி. அவனுக்கு நான் மிதிப்பேன்னு நெனச்சுட்டான் பாரு. அதான் என் வயிறு எரியுது.”

*

பித்தளை எழுத்துக்கள் வாசலுக்கு மேலே இன்னும் இருக்கின்றன. அதை நான் மறைக்க விரும்பவில்லை. நாங்கள் வென்றோம் என்று சொன்னால் பொய். டீக்கன் ஒரு வருஷம் எர்லீனோடு பேசவில்லை. கொரீன் ஜெர்மன்டவுனில் தங்கை வீட்டுக்குப் போய்க் கோடை முழுதும் இருந்துவிட்டு, தானாகவே திரும்பி வந்தாள். தேவாலயத்தில் சிலர் எங்களைக் கண்டால் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

ஆனால் மன்றத்தில் வியாழக்கிழமை மாலை பெண்களுக்கு என்று எர்லீன் சண்டை போட்டு வாங்கினாள். முன்வாசல் வழியாகப் போகமாட்டாள். அந்தப் பெயருக்குக் கீழே தலையைக் கொடுக்கமாட்டாளாம். சந்துப் பக்கக் கதவால்தான் போவாள். அவளோடு நாங்களும். பிறகு வண்டி நிறுத்த வசதி என்று தாய்மார்கள் பிள்ளைகளையும் அந்தப் பக்கமே இறக்கிவிட ஆரம்பித்தார்கள். இப்போது முன்கதவை விசேஷ நாளில்தான் திறக்கிறார்கள்.

ரோடெல் இலையுதிர்காலத்தில் வந்தான். அதற்கு முன், பட்டப்பகலில், திருப்புளியோடு மன்றத்துக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைக் கழற்றி ஷூவை எடுத்திருக்கிறான். அங்கிருந்தவர்கள் கேட்டதற்கு, “என் அப்பா சாமான்” என்றானாம். காகிதப் பையில் கொண்டுவந்து தாயின் மேஜைமேல் வைத்தான்.

“என்ன பண்ணட்டும்னு சொல்லு.”

“என்னை ஏன் கேக்கறே? அவன் உனக்குக் குடுத்தது.”

“நீ எரிக்கச் சொன்னா எரிக்கிறேன்.”

“வீட்டுக்குள்ள நாத்தம் புடிக்கும். குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை வரும்.”

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அவன் அன்று கதவின் கீலைக் கழற்றி நேராக்கி மாட்டினான். அவள் அவனுக்கு முட்டைக்கோஸும் சோள ரொட்டியும் போட்டாள். வேகமாகச் சாப்பிடுகிறான் என்று திட்டினாள். காகிதப் பை செவ்வாய்க்கிழமை வண்டியில் போனது; நானே பார்த்தேன்.

போதகர் இப்போதும் வருஷத்துக்கு ஒரு முறையாவது அவளிடம் மன்னிப்பைப் பற்றிப் பேச வருவார். “மன்னிக்கிறது மேல இருக்கவர் டிப்பார்ட்மெண்ட்” என்பாள் எர்லீன். “நான் சமையலறை.” கோபம் அவளைத் தின்றுவிடும் என்றார்கள். எழுபதைத் தாண்டிவிட்டாள். இன்னும் எதுவும் அவளைத் தின்னவில்லை.

போன வியாழக்கிழமை மன்றத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பியானோக்காரர், நல்ல மனிதர், அவள் கால் இழுபடுவதைப் பார்த்துத் தாளத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். எர்லீன் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள்.

“யாருக்கு மெதுவா வாசிக்கிறீங்க?”

“இல்ல மிஸ் எர்லீன், உங்களுக்குச் சௌகரியமா...”

“நான் என்ன சவ ஊர்வலமா? ஓட்டுங்கய்யா!”

அவர் ஓட்டினார். அவள் இடது காலால் நான்கு தட்டி, வலது காலை இழுத்தாள். அந்த இழுப்பும் மரத்தின்மேல் தாளம் தவறாமல் விழுந்தது. அடுத்த ஆட்டத்துக்கு அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை.